ரெண்டும் மின்னினா நடை

ஹாலந்தென்னைத் தோட்டத்தில் சுதர்ஷினி எங்கே என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். ஆம்புலன்ஸ் சுதா எங்கே என்று கேட்டால் பால்குடி மறக்காத பிள்ளைகூடக் கையைக் காட்டும். பலாங்கொடையில் பஸ் ஏறி, தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி வந்து கடைசித் தரிப்பில் இறங்கினால், டிஸ்பென்சரிக்குப் பக்கத்து ஷெட்டில் ஒரு வெள்ளை வேன் நிற்கும். அதற்குள் படுக்கையைத் துடைத்துக்கொண்டோ, ஒட்சிசன் சிலிண்டரின் முள்ளைக் குனிந்து பார்த்துக்கொண்டோ இருக்கிறவள்தான் அவள். நாற்பதைத் தாண்டியவள். பேசத் தொடங்கினால் எதிரே நிற்கிறவர் பாதியில் கிளம்ப முடியாது.

அந்த வேலை அவளுக்கு மடியில் வந்து விழுந்ததல்ல. பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த ஒரே சொத்து சிங்களம். திரும்பி வந்து கல்யாணம் கட்டி, கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டி, மலை மலையாக ஏறி இறங்கினாள். தோட்டத்துக்கு ஆம்புலன்ஸ் வந்தபோது, நோயாளியோடு கூடப் போக ஒரு பெண் வேண்டும், சிங்களம் பேசவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும் என்று டிஸ்பென்சரியிலிருந்து சொல்லியனுப்பினார்கள். காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சுதர்ஷினி கூடையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு நேரே டிஸ்பென்சரிக்கு நடந்தாள். கங்காணி பின்னால் நின்று கத்தியது அவள் காதில் விழாமல் இல்லை.

இரத்தினபுரியில் பயிற்சி கொடுத்தார்கள். கட்டுப் போடுவது, மூச்சுக்கு வழி செய்வது, ஆளைத் தூக்குவது எல்லாம் சொல்லித் தந்தார்கள். ஒருநாள் ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். அகலமான ரோட்டில் ஓர் ஆம்புலன்ஸ் ஓரமாக நிற்கிறது. பின்னால் வரும் வண்டிகளெல்லாம் வேகத்தைக் குறைத்து, அடுத்த பக்கத்துக்கு விலகி, ஊர்ந்து கடந்து போகின்றன. சில நாடுகளில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது, மீறினால் தண்டனை உண்டு என்றார் பயிற்சி கொடுத்தவர். சுதர்ஷினி கையை உயர்த்தினாள்.

"சேர், எங்க ரோட்டுல அடுத்த பக்கம் கெடையாது. பள்ளம்தான் இருக்கு. வண்டி எங்க வெலகும்?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. சேரும் சிரித்தார். விலக இடமில்லாவிட்டால் இன்னும் மெதுவாகப் போக வேண்டும், அவ்வளவுதான் என்றார். அவள் அதை மனதில் எழுதிக்கொண்டாள்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் விதமே மாறிப்போயிற்று. அதற்கு முன்னால், தமிழ் மட்டும் தெரிந்த ஆட்கள் மருந்துக் கவுண்டருக்கு முன்னே நின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு வருவார்கள். வயிற்றில் வலி என்று போனவன் காலுக்குத் தைலத்தோடு வந்த கதைகூட உண்டு. இப்போது சுதர்ஷினி ஸ்ட்ரெச்சரோடு உள்ளே நுழைந்து, எப்போது தொடங்கியது, என்ன மருந்து கொடுத்திருக்கிறது, பழைய வருத்தம், நோய்நொடி என்ன என்று டொக்டர் கேட்பதற்கு முன்பே சிங்களத்தில் சொல்லி முடிப்பாள். வாசலில் நிற்கும் காவலாளி அவள் முகத்தைக் கண்டதும் கம்பத்தைத் தூக்கிவிடுவான். அந்தக் கம்பம் உயரும் நேரத்தில் அவள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவாள். அதை அவள் மறைக்கவும் இல்லை.

வேனை ஓட்டுகிறவன் அப்லால். பலாங்கொடை டவுன் பையன். பையன் என்றால் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவன்தான், சுதர்ஷினிக்கு எப்போதும் தம்பி. முன்பு லொறி ஓட்டினவன். அவனுடைய ஓட்டத்தில் ஒரு நாகரிகம் உண்டு. யாருக்கும் குறுக்கே நிற்க மாட்டான், யாரையும் காக்க வைக்க மாட்டான். "ரோட்டுல மரியாத தெரிஞ்ச டிரைவர் என்னைத் தவிர யாருமில்ல அக்கா" என்று அவனே சொல்லிக்கொள்வான். அதில் பொய்யும் இல்லை.

தோட்டத்து மேல் டிவிஷன் லயங்களுக்கு வேன் ஏறாது. அங்கிருந்து நோயாளியை ஆட்கள் ஸ்ட்ரெச்சரில் தூக்கித் தேயிலைக்கூடாக இறக்கிக்கொண்டு வர, வேன் ரோட்டில் காத்து நிற்கும். அந்த இடத்துக்குப் பீலிமுடக்கு என்று பேர். மலையிலிருந்து வரும் தண்ணீர் பீலி வழியாக ரோட்டோரத்தில் கொட்டும். ரோடு அந்த இடத்தில் முழங்கை மடிவது போல மடியும். இடது பக்கம் மண்மேடு, வலது பக்கம் பள்ளம். வேன் மேட்டை ஒட்டி நின்றால் ஒரு பஸ் போக மட்டும் இடம் மிஞ்சும். ஆளை ஏற்றுவது வேனின் பின்பக்கத்தால். ஆகவே பின்கதவைப் பிடித்துக்கொண்டு சுதர்ஷினி நிற்கும் இடம் ரோட்டிலேயே இருக்கும்.

அந்த நாள் நெஞ்சு வலி என்று ஓர் ஆளை இறக்கிக்கொண்டு வந்தார்கள். அப்லால் வேனை ஓரங்கட்டிவிட்டு ஸ்ட்ரெச்சருக்குக் கை கொடுக்க மேட்டில் ஏறிவிட்டான். சுதர்ஷினி ரோட்டுக்கு முதுகைக் காட்டிக் கதவைப் பிடித்து நின்றாள். மேலேயிருந்து பலாங்கொடைக்கு இறங்கும் பஸ் முடக்கில் திரும்பியது. வேகம் குறையவில்லை. பஸ்ஸின் இடப்பக்கக் கண்ணாடி அவளுடைய வலது தோளில் அடித்தது. கண்ணாடி உடைந்தது, தோள் எலும்பும் உடைந்தது. ஆளை ஏற்ற வந்தவளையும் சேர்த்து அந்த வேன் ஏற்றிக்கொண்டு போனது.

பஸ்ஸை ஓட்டியவர் மஹ்ரூப். அந்தப் பாதையில் ஓட்டியே நரைத்த மனுஷன், தோட்டத்து ஆட்கள் எல்லோருக்கும் அண்ணன் முறையில் மஹ்ரூப் நானா. ஆஸ்பத்திரிக்குத் தன் மனைவி பளீலாவையும் கூட்டிக்கொண்டு தோடம்பழப் பையோடு வந்தார். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பளீலாதான், "இவருக்கு அன்னையிலேந்து சோறே எறங்கல்ல மகள்" என்று சொல்லி, தோடம்பழத்தைச் சுளை சுளையாக உரித்து அவள் கையில் வைத்தாள். அப்படிப்பட்டவரைத் திட்டவும் வாய் வரவில்லை.

வீட்டில் நிலைமை வேறு. கணவன் அஜந்தன் தேயிலைப் பெக்டரியில் வேலை. மகன் கொழும்பில் கடையொன்றில் நிற்கிறான். வலது கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்க, சுதர்ஷினியால் தலைகூட வார முடியவில்லை. அஜந்தன்தான் சீப்பைப் பிடித்து, தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிறவன் போல இழுத்து இழுத்துப் பின்னிவிட்டான். பின்னல் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது.

"போதும்," என்றான் ஒருநாள், சீப்பை வைத்துவிட்டு. "இனி அந்த வேல வேணாம்."

"என்ன வேணாம்? டிஸ்பென்சரி டொக்டர் ஐயா எனக்காக எடத்த வச்சிருக்காரு."

"வச்சிருந்தா வேற யாருக்காச்சும் குடுக்கட்டும். ஒனக்கு என்ன, மெடல் குத்தப் போறாங்களா?"

"மெடல் குடுத்தா நீங்கதான் மொதல்ல மாட்டிக்கிட்டு பெக்டரிக்குப் போவீங்க."

அஜந்தன் சிரிக்கவில்லை. "அந்தக் கண்ணாடி இன்னும் ஒரு சாண் தள்ளி வந்திருந்தா தலை. நான் அத நெனச்சுக்கிட்டுத்தான் மெஷினுக்கு முன்னால நிக்கிறேன். பீலிமொடக்குல பஸ் மெதுவாப் போகும்ன்னா சொல்லு, நானே ஒன்னக் கொண்டுபோயி விடுறேன். போகாதுன்னா திரும்பக் கூடையத் தூக்கு. குளவி கொட்டுனாலும் ஆளு பொழைச்சுக்கும்."

அவன் கோபத்தில் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள். பயத்தில் சொல்கிறான் என்பது தெரிந்தது. பயத்தோடு சண்டை போட முடியாது.

அதே கிழமை அவளில்லாமல் வேன் ஒரு நோயாளியைக் கொண்டு போனது. சீனி வருத்தக்காரக் கிழவர். அப்லால் வாசலில் வேனைத் திருப்பிக்கொண்டிருந்த நேரத்தில், உள்ளே கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர் தலையை ஆட்டியிருக்கிறார். நல்ல காலம், அப்லால் ஓடிப்போய்ச் சேர்ந்தான். அதைக் கேட்ட இரவு அவளுக்குத் தோள்வலியைவிட அந்தத் தலையாட்டல்தான் வலித்தது. விடிந்ததும், அஜந்தன் வேலைக்குப் போன கையோடு, தொட்டில் கட்டிய கையோடேயே பலாங்கொடைக்குப் பஸ் ஏறினாள்.

பஸ் ஸ்டாண்டில் மலைக்கு ஏறும் பஸ் டிரைவர்கள் தேத்தண்ணி குடிக்கும் கடை ஒன்று உண்டு. அவளைக் கண்டதும் ஒருவன் கத்தினான்:

"மஹ்ரூப் நானா, ஓடுங்க! ஒங்கட கண்ணாடிய ஒடச்ச ஆள் வாறாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். மஹ்ரூப் எழுந்து தன் கதிரையை அவளுக்கு இழுத்துப் போட்டார்.

"நானா, நான் சண்டைக்கு வரல்ல," என்றாள் சுதர்ஷினி. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஆம்புலன்ஸ் நிக்கிறத நீங்க பாக்கல்லயா?"

"பாத்த."

"பாத்துமா அந்த வேகத்துல வந்தீங்க?"

மஹ்ரூப் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். சொல்வதைச் 'செல்'வதாகவும் இருப்பதை 'ஈ'ப்பதாகவும் ஆக்கும் தன் பேச்சில் மெல்லச் சொன்னார்: "ஆஸ்பத்திரியில வச்சு இத செல்லப்படாதுன்னு ஈந்தன், தங்கச்சி. தப்பிக்கச் செல்ற மாதிரி ஈக்கும். அப்லால் என்னைப் போகச் சென்னான். அதான் போன."

"அப்லாலா? அவன் மேட்டுல இல்ல நின்னான்!"

"அவன் மேட்டுல. அவன்ட சிக்னல் ரோட்டுல. லெஃப்ட் சிக்னல் போட்டு ஈந்திச்சி."

பக்கத்தில் நின்ற சிங்கள டிரைவர் தலையை ஆட்டினார். "ஒவ் நங்கி," என்றார், ஆமாம் தங்கச்சி, தானும் பலமுறை கண்டதாக. அவன் எப்போதும் அந்த வளைவில் இடது சிக்னல்தான் போட்டு நிற்பான், நாங்களும் சட்டென்று கடந்து போய்விடுவோம் என்று சிங்களத்தில் விளக்கினார்.

சுதர்ஷினிக்கு அப்போதும் புரியவில்லை, மஹ்ரூப்தான் விளக்கினார். பிறந்ததிலிருந்து அந்த ரோட்டில் பஸ்ஸிலும் லொறியிலும் போய் வருகிறவளுக்கு, அந்த ரோட்டுக்கு ஒரு பாஷை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மலை ரோட்டில் பாரம் ஏற்றிய லொறி முன்னால் முக்கிக்கொண்டு ஏறும். பின்னால் வருகிறவனுக்கு முன்னே இருப்பது தெரியாது. லொறிக்காரன் எதிரே வண்டி இல்லை என்று கண்டால் இடது சிக்னலைப் போடுவான். 'ரோடு வெறும், என்னை முந்திப் போ' என்று அர்த்தம். அதை எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அந்த மலையில் ஸ்டியரிங் பிடித்த எவனுக்கும் தெரியும். சிக்னல் போட்டவனை நம்பித் தயங்காமல் முந்த வேண்டும். தயங்கினால் அது அவனுடைய மரியாதையைக் கெடுப்பது.

"ஆம்புலன்ஸ்காரன் போன்னு செல்றான்," என்றார் மஹ்ரூப். "நோயாளி ஈக்கிற வண்டி. அவனுக்கு ரோட்ட மறிச்சிக்கிட்டு நிக்கப்படாது, டக்குன்னு போய் எடத்தக் குடுப்பம்ன்னுதான் நான் எக்ஸலேட்டர அமத்தின. ஒங்களுக்கு ஒதவி செய்றதா நெனச்சித்தான் தங்கச்சி ஒங்கட தோளுல அடிச்ச."

யாரோ அவளுக்கு ஒரு தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார்கள். பஸ்காரன் பொல்லாதவன் என்றால் அவனிடம் கெஞ்சலாம், பொலிசுக்குப் போகலாம். இங்கே எல்லோருமே நல்லவர்களாக இருந்து ஓர் ஆளின் எலும்பை உடைத்திருக்கிறார்கள்.

திரும்பும் வழியெல்லாம் அப்லாலிடம் எப்படிச் சொல்வது என்பதே யோசனை. ரோட்டு மரியாதை தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிகிறவன். அந்த மரியாதைதான் அடித்தது என்று அவனிடம் சொல்ல வேண்டும்.

ஷெட்டில் டயரைக் கழுவிக்கொண்டிருந்தான். சொன்னதும் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டான்.

"மஹ்ரூப் நானா தப்பப் பாக்குறாரு! நான் ஓரங்கட்ட லெஃப்ட் போட்ட. அப்பிடியே விட்ட. எல்லாரும் அப்பிடித்தான் நிப்பாட்டுற. பின்னால வாறவன் எங்களுக்காக நிக்கத் தேவயில்ல, போகட்டும்ன்னு ஒரு மரியாதைக்கு விட்ட. அது தப்பா?"

"தப்புன்னு நான் சொன்னேனா? வண்டிய எடு."

"எங்க?"

"பீலிமொடக்குக்கு."

அங்கே போய் அவன் எப்போதும் நிறுத்துவது போலவே நிறுத்தச் சொன்னாள். இடது சிக்னல் மின்னிக்கொண்டிருந்தது. அவனை முடக்குக்கு மேலே, பஸ் வரும் பக்கமாக நடத்திக்கொண்டு போய்த் திருப்பி நிறுத்தினாள்.

"இப்ப நீ லொறியில வாற. பாரம் இருக்கு. கொழும்புக்கு நேரமாச்சு. முன்னால இத காணுற. என்ன செய்வ?"

அப்லால் வேனைப் பார்த்தான். மஞ்சள் விளக்கு ஒரு பக்கத்தில் மட்டும் விட்டு விட்டு எரிந்தது. பீலியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் உதட்டைக் கடித்தான்.

"முந்துவன்," என்றான்.

"மெதுவாவா?"

"மெதுவா எங்க அக்கா முந்துற?"

அவன் போய் வேனின் படியில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் தலையைத் தூக்கவில்லை. "லொறியில லெஃப்ட் போடுறவன் ஸ்டியரிங்ல ஈப்பான்," என்றான் பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வது போல. "எதிருல வண்டி வந்தா ஓஃப் பண்ணுவான். நான் சிக்னலப் போட்டுட்டு மேட்டுல ஏறிட்ட. ரோட்டுல ஆள் நிக்கிறது அந்த சிக்னலுக்கு எப்பிடித் தெரியும்?"

"சரி எந்திரி. அழுதா வேனுக்கு டீசல் ஊறாது."

"நான் அழல்ல."

"அழல்லதான். எந்திரி."

மறுநாள் இரண்டு பேருமாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். இந்த முறை அப்லால் வேனைக் கடைக்கு முன்னாலேயே நிறுத்தி, இரண்டு பக்க சிக்னலையும் சேர்த்துப் போட்டு விட்டான். "இனிமே நான் நிப்பாட்டுனா இதான்," என்றான் டிரைவர்களிடம். "லெஃப்ட் மட்டும் எரிஞ்சா என்ட கன்னத்துல அடிங்க."

"அடிக்கிறது ஈக்கட்டும்," என்றார் மஹ்ரூப். "இத கண்டா நாங்க என்ன செய்ற? நிக்கவா? டைம் கீப்பர் எங்கள உரிச்சிப் போடுவான்."

"நிக்க வேணாம் நானா. நடங்க," என்றாள் சுதர்ஷினி.

"பஸ் எப்பிடி தங்கச்சி நடக்கும்?"

கடை சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்கும் வரை பொறுத்திருந்து சொன்னாள்: "பொம்பளைங்க கொழுந்துக்கூடைய நெறச்சு மாட்டிக்கிட்டு மலையில எறங்குவாங்க, பாத்திருக்கீங்கதானே? ஓடுனா கொழுந்து சிந்தும், வழுக்குனா மண்டை ஒடையும். அடி அடியா எறங்குவாங்க. அந்த நடை. எங்களத் தாண்டுற வரைக்கும் அந்த நடை நடந்தாப் போதும். ஹோர்ன மொடக்குக்கு முன்னாடியே அடிங்க, பக்கத்துல வந்து அடிக்காதீங்க. நெஞ்சு வலிக்காரன் ஒங்க ஹோர்னுக்கே போயிருவான்."

"ரோட்டுல ஆள் நிக்கிறாங்க, எடம் இல்லன்னா?" என்று கேட்டார் சிங்கள டிரைவர்.

அவள் அவருக்குச் சிங்களத்திலேயே பதில் சொன்னாள். இடம் இல்லாவிட்டால் நிற்பதுதான் வழி. பயணிகள் திட்டினால் ஹாலந்தென்னை ஆம்புலன்ஸ் சுதாவைக் கேள் என்று சொல்லுங்கள், திட்டை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றாள். அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்து, இந்த நங்கி பிரேக்கே இல்லாத வண்டி என்றார். அதிலிருந்தே அவர் ஒத்துக்கொண்டது தெரிந்தது.

பேச்சு பரவப் பஸ்ஸைவிட வேகமான வாகனம் கிடையாது. அந்தக் கிழமை முடிவதற்குள் மலைப்பாதை முழுக்க, 'ரெண்டும் மின்னினா நடை' என்ற வார்த்தை கொண்டக்டர்களின் வாயில் புழங்கத் தொடங்கியது. ரோட்டில் மாடு குறுக்கே வந்தாலும், கல்யாண ஊர்வலம் வந்தாலும், "நடை, நடை!" என்று பலகையைத் தட்டினார்கள்.

கைத் தொட்டிலை அவிழ்த்த பிறகும் அஜந்தன் மட்டும் மசியவில்லை.

"கடையில ஒக்காந்து சொல்றது லேசு. பின்னால இன்னொரு பஸ் தொரத்துனா எல்லாம் மறந்துரும்."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"போ. கை ஆறிருச்சுன்னு டொக்டர் சொல்லிட்டாரு, போகாதன்னா நீ கேக்கவா போற? ஆனா ஒரு பஸ் அங்க வேகமாப் போச்சுன்னு என் காதுல விழுந்தா, அன்னையோட சரி. அதுக்கப்புறம் என்கிட்டப் பேச வராத."

"சரி," என்றாள். அவளுக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்தான். அதை அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

வேலைக்குத் திரும்பி அதிக நாள் ஆகவில்லை. மேல் டிவிஷனில் குளவி கலைந்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஓட முடியாத மூக்காயி செடிகளுக்கிடையில் விழுந்துவிட்டாள். அவள் ஏற்கெனவே இழுப்புக்காரி. வேன் பீலிமுடக்குக்கு வந்தபோது மேலேயிருந்து ஸ்ட்ரெச்சர் இறங்கிக்கொண்டிருந்தது. அப்லால் நிறுத்தினான். இரண்டு சிக்னலையும் போட்டான். இறங்கிப் பின்னால் ஓடி வந்து, இரண்டு பக்கமும் எரிகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மேட்டில் ஏறினான்.

மூக்காயியின் முகம் வீங்கிக் கண் தெரியவில்லை. மூச்சு விசில் போலக் கேட்டது. பின்னாலேயே கொட்டு வாங்கிய இரண்டு பெண்கள் சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு நடந்து வந்தார்கள். ஒவ்வொருவராகத்தான் ஏற்ற முடியும். சுதர்ஷினி ஒரு கையால் மூக்காயியின் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். மறு கையை ரோட்டுப் பக்கமாக நீட்டினாள். அது அடிபட்ட கை.

முடக்குக்கு மேலே ஹோர்ன் கேட்டது. நீளமாக ஒருமுறை. பிறகு சத்தமில்லை.

அந்தச் சத்தமில்லாத நேரத்தில் அவள் தோள் தானாகச் சுருங்கியது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மூக்காயியின் தலை சரிந்துவிடும். பஸ்ஸின் எஞ்சின் சத்தம் இறங்கி இறங்கி வந்தது, யாரோ பெருமூச்சு விடுவது போல. ஓரக்கண்ணில் மஹ்ரூப் நானாவின் பஸ்ஸின் சிவப்பு முன்பக்கம் தெரிந்தது. அது வளைவில் அடி அடியாகத் திரும்பியது. கூடை சுமந்தவள் இறங்குவது போலத்தான் இறங்கியது. கொட்டு வாங்கிய ஒருத்தி தடுமாறி ரோட்டின் நடுவுக்கே வந்துவிட்டாள். அதைக் கண்டதும் பஸ் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

பின்னால் இன்னொரு பஸ். அவனுக்கு முன்னால் நடப்பது தெரியவில்லை. ஹோர்னை அழுத்திப் பிடித்தான். வலப்பக்கத்தால் மூக்கை நுழைக்கப் பார்த்தான். மஹ்ரூப் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வெட்டி, பஸ்ஸை ரோட்டுக்குக் குறுக்காகச் சாய்த்து நிறுத்தினார். இனி ஒரு சைக்கிள்கூட வர முடியாது. கொண்டக்டர் இறங்கிப் பின் பஸ்ஸை நோக்கி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினான். "ரெண்டும் மின்னுது, கண்ணு தெரியல்லயா? நடைன்னா நடை!" என்று தமிழிலும், அதையே இன்னும் காரமாகச் சிங்களத்திலும் கத்தினான். பஸ்ஸுக்குள்ளே நேரமாகிறது என்று யாரோ சத்தம் போட்டார்கள். சுதர்ஷினி எதையும் கேட்கவில்லை. மூக்காயியை ஏற்றினாள், மற்ற இருவரையும் ஏற்றினாள், கதவை இழுத்து மூடினாள். வேன் கிளம்பிய பிறகுதான் பஸ் அசைந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் கம்பம் உயர்ந்தது. பழைய இழுப்புக்காரி, மூச்சு விசிலடிக்கிறது, தலையிலும் கழுத்திலும்தான் கொட்டு அதிகம், கூட வந்தவர்களுக்குப் பயமில்லை என்று அவள் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே ஸ்ட்ரெச்சரோடு ஓடினாள். ஊசி போட்டு, முகமூடி வைத்து, மூக்காயியின் மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. பின்னேரம் போய்ப் பார்த்தபோது மூக்காயி எழுந்து உட்கார்ந்து குளவிகளின் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தாள். திட்ட மூச்சு இருந்தது, அது போதும்.

சுதர்ஷினி லயத்துக்கு வந்தபோது அஜந்தன் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அன்று அவனுக்கு லீவு. டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்திருந்தான். பை மூலையில் கிடந்தது.

"மூக்காயி அக்கா எப்படி?" என்று கேட்டான்.

"நல்லாருக்கு. வாயும் நல்லாருக்கு."

அவன் அடுத்த வெங்காயத்தை எடுத்தான். "நான் அந்த பஸ்லதான் இருந்தேன்."

"எந்த பஸ்லங்க?"

"எந்த பஸ்ஸா? மஹ்ரூப் நானா குறுக்கால போட்டாரே, அதுல. நின்னுக்கிட்டுத்தான் போனேன், அவ்வளவு சனம்." கத்தியை நிறுத்தினான். "எனக்கு முன்னாடி சீட்டுல டவுன்காரன் ஒருத்தன். 'யாரு இந்தப் பொம்பள, ரோடு என்ன இவ அப்பன் வீட்டு வாசலா'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'என் பொண்டாட்டி'ன்னேன்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்றது? பஸ்ஸே திரும்பி என்னப் பாத்துச்சு. அந்த மனுஷன் எந்திரிச்சு எனக்கு சீட்ட விட்டுக் குடுத்தாரு. பலாங்கொட வரைக்கும் ஒக்காந்துக்கிட்டுப் போனேன்." அவன் முகத்தைக் குனிந்து வைத்திருந்தான். கண் கலங்கியிருந்தது. வெங்காயம் அவனுக்கு வசதியாக இருந்தது.

சுதர்ஷினி அவன் பக்கத்தில் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்," என்றான் அஜந்தன். "பஸ்தான் நின்னுருச்சே. அதுக்கப்புறமும் எதுக்கு அந்தக் கைய நீட்டிக்கிட்டே நின்ன? நான் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருந்தேன், எறக்கவே இல்ல."

அவளுக்கு அப்போதுதான் அது தெரிந்தது. சிரிப்பு வந்தது.

"எனக்கு எப்படித் தெரியும்? இதுக்கு முன்னாடி யாரும் நின்னதில்லயே."

அஜந்தன் உரித்த வெங்காயத்தைத் தட்டில் தள்ளினான்.

"நாளைக்கு இந்தக் கைய நீட்டாத, அடுத்த கைய நீட்டு," என்றான். "அந்தத் தோளு இன்னும் முழுசா ஆறல்ல."